கோட்டைக் காவல்

கோட்டை என்று எதுவும் இல்லை அங்கே.
மதில் இல்லை, அகழி இல்லை.
கான்கிரீட் தரையில் நாலு விரல் அகலத்துக்கு
ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான்.
கோட்டுக்குள் எட்டு எஞ்சின்களோடு ஒரு விமானம்.
அதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று
யாரும் சொல்லவில்லை.
கேட்கக்கூடாது என்பதை மட்டும் சொன்னார்கள்.

வடக்கு டகோட்டா. ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு.
நானோ அலபாமாக்காரன்;
பருத்திக் காட்டைத் தவிர
வேறு வெள்ளை வெளியைக் கண்டதில்லை.

முதல் வாரம் துப்பாக்கி கொடுத்தார்கள்.
இரண்டாம் வாரம் துடைப்பம்.
பனி மூடிவிட்டால் கோடு எங்கே?
கோடு இல்லாவிட்டால்
உள்ளே நிற்பவன் எவன், வெளியே நிற்பவன் எவன்?
அரை மணிக்கொரு தரம்
துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு
சட்டத்தின் விளிம்பைப் பெருக்கினேன்.
பெருக்கி முடித்துத் திரும்பும்போது
தொடங்கிய முனை வெளுத்திருக்கும்.

பயிற்சிப் பள்ளியில் ஒரு மத்தியானம்
எங்கள் பூர்வ கதையைப் பாடமாக வைத்தார்கள்.
ஏதோ தீவில், வானத்திலிருந்து குடைகள் இறங்கிய காலையில்,
விமானத் திடலைக் காப்பது யார் பொறுப்பென்று
இரண்டு படைகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனவாம்.
பதில் வருமுன் திடல் போய்விட்டது.
கொரியாவில் ரொட்டி சுட்டவனையும்
சம்பளக் கணக்கு எழுதியவனையும்
ஓடுதளத்து ஓரம் குழி வெட்ட விட்டார்களாம்.
அப்புறம்தான் எங்களைப் பெருக்கினார்கள்,
கைப்பட்டையும் விசிலும் தந்து.
மீதியைக் கேட்கவில்லை.
தூங்கிவிட்டேன்.

அவர் வந்தது மூன்றாம் சாமத்தில்.
கர்னல் ஸ்ட்ரவுட், ஒரு காப்பிக் குடுவையோடு,
பையன்கள் குளிரில் நிற்கிறார்களே என்று.
வால் பக்கமாக வந்தார்.
வழி அதுவல்ல.
இடது பூட்ஸ் கோட்டைத் தாண்டியது.

நில், என்றேன்.
சிரித்தார். நான்தானப்பா, என்றார்.
நான்தான் என்பது அன்றைய கடவுச்சொல் அல்ல.

குப்புறப் படுக்க வைத்தேன்.
உறை கழற்றாமல் விசைக்குள் விரல் நுழையாது.
கழற்றினேன். இரும்பு
விரல் தோலைப் பிடித்துக்கொண்டது.
சிந்திய காப்பி
பரவுமுன்பே உறைந்து நின்றது.
ஜீப் வரப் பதினோரு நிமிடம்.
அவர் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.
என் முழங்கால்கள் அவருக்குக் கேட்டிருக்கலாம்.
உன் பேர் என்ன, என்றார் ஒரு முறை.
சொல்லவில்லை.
துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள்.
அவரைவிட, அவர் கையெழுத்திட்ட காகிதத்துக்குத்தான்
எனக்குப் பயம் அதிகம்.

சார்ஜென்ட் ஹாக்லண்ட் அவரைத் தூக்கி நிறுத்தியபோது
கன்னத்தோல் ஒரு காசளவு
தரையிலேயே தங்கிவிட்டது.
மூன்றாம் நாள் பாராட்டுக் கடிதம் வந்தது,
என் பெயரில் ஓரெழுத்துப் பிழையோடு.

வேலி பயிரை மேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.
இது, பயிர் வேலியை விட்டுப் பறந்த கதை.
மார்ச்சில் ஒரு விடியற்காலை சங்கு ஊதியது.
விமானிகள் பாதி மாட்டிய சட்டையோடு ஓடினார்கள்.
எட்டு எஞ்சின்களின் கரும்புகை
என் மூக்குக்குள் ஏறியது.
ஒத்திகையா, உண்மையா,
எனக்கு எப்படித் தெரியும்?
வானம் மூடிக்கொண்டது.

காவலை விலக்கும் உத்தரவு மட்டும் வரவில்லை.
ஆகவே நின்றேன்,
சிவப்புச் செவ்வகத்துக்கு வெளியே,
உள்ளே ஒன்றுமே இல்லாமல்.
பனி விழுந்தது. பெருக்கினேன்.

பெரிய காதுள்ள முயல் ஒன்று
வழி பார்க்காமல் கோட்டைத் தாண்டியது.
முன்சக்கரம் நின்ற இடத்தில்
எண்ணெய்க் கறையை முகர்ந்தது.
பின்னங்காலால் தாடையைச் சொறிந்துகொண்டது.
நில் என்று சொல்ல வாய் திறந்தேன்,
புகைதான் வந்தது.
அவசரமே இல்லாமல்
மறுபக்கமாக அது வெளியேறியது.

கோட்டை மட்டும் பெருக்கினேன்.
தடங்களைத் தொடவில்லை.
ஏழு மணிக்குக் கையேட்டில் எழுதினேன்:
ஊடுருவல், இல்லை.